க்ரூசரின் விசிறியில் என் மாமனார் வலை

“சென்னைத் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மறுநாள் போர்முனைக்குப் புறப்பட்டது.”

இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பழைய போர்க்கப்பலின் வரலாற்றை வழவழப்பான தாளில், படமெல்லாம் போட்டு, புத்தகமாக அடித்திருக்கிறார்கள். துறைமுகத்தில் இப்போது டைவராக இருக்கும் ஒருவர் வீடு தேடி வந்து கொடுத்தார். “ஐயா, நீங்க வேலை செஞ்ச கப்பலாமே இது? எதுனா ஞாபகம் கீதா? சங்கத்து விழாவுல பத்து நிமிஷம் பேசணும்” என்றார். ஞாபகம் கீதாவாம்! அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை எத்தனை தரம் படித்தேனோ தெரியாது. படித்துவிட்டு எழுந்து கூடத்துக்குப் போவேன். அங்கிருந்து வாசலுக்குப் போவேன். திரும்பி வந்து மறுபடி அதே வரியைப் படிப்பேன்.

“இன்னாய்யா, கால்ல வெந்நி ஊத்திகினவன் மாதிரி சுத்திகினே கீற?” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

“எண்ணெய் ஊத்திகினு போச்சாம்டி அந்தக் கப்பலு” என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பன் பேரு போட்டுக்கீறானா?” என்று கேட்டாள்.

போடவில்லை. அவள் அப்பன் பேரும் இல்லை, அண்ணன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உட்கார்ந்து ஒரு காரியம் செய்து பழக்கமில்லை, நடுநடுவே எழுந்து போய்விட்டு வருவேன். விட்ட இடத்தை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் இன்னாசி. ராயபுரம். சென்னைத் துறைமுகத்தில் டைவராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கு டைவர் என்றால் ரப்பர் சட்டை, முதுகில் காற்றுக் குப்பி, கையில் கேமரா. எங்கள் காலத்தில் தலைக்குச் செம்புக் குடம் மாதிரி ஒரு கவசம், காலுக்கு ஈயம் வைத்த பூட்ஸ், உடம்புக்கு கான்வாஸ் உடுப்பு. மேலே பார்ஜில், அதாவது தட்டைப் படகில், இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் காற்று அடிப்பார்கள். அது ரப்பர் குழாய் வழியாகத் தலைக்கு வரும். இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை மேலே ஒருவன் கையில் இருக்கும். கீழே இருப்பவனுக்கு உலகத்தோடு இருக்கிற சம்பந்தமெல்லாம் அந்தக் கயிறுதான்.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. என் அப்பா தூத்துக்குடிக்காரர். முத்துக்குளித்த குடும்பம். முத்து கைவிட்ட பிறகு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவர் கூடவே போய், பம்பு சுற்றி, பூட்ஸ் கழுவி, வாரம் முழுக்கக் காது வலித்து, கடைசியில் நானும் இறங்கினேன். அவ்வளவுதான். ஆனால் அப்பா தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும்.

கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும். அதாவது, குளிக்கிறவனுடைய பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். “அண்ணன் தம்பிகூட சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விடுவான். தங்கச்சி தாலியை அறுக்க எவனும் விடமாட்டான்” என்பார் அப்பா. முத்துக்குளிப்பில் அதுதான் சட்டம். துறைமுகத்தில் அது சட்டமில்லை, ஆனாலும் நடந்தது. எனக்குப் பெண் பார்க்கும்போதே அப்பா பெண்ணைப் பார்க்கவில்லை. அவள் அண்ணன் லாரன்சின் கையைத்தான் பிடித்துப் பார்த்தார். ஸ்டெல்லா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

லாரன்சு கடல்காரன். அவன் அப்பா, என் மாமனார் சூசை, எங்கள் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரமும் வலையும் வைத்திருந்தவர். கல்யாணமான கையோடு லாரன்சைத் துறைமுகத்தில் சேர்த்து என் கயிற்றைக் கொடுத்தார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். கயிற்றைப் பிடித்துவிட்டால் தலையைத் திருப்பமாட்டான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையை எடுக்கமாட்டான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மேலிருந்து ஒரு இழுப்பு வரும். உயிரோட கீறியா என்று அர்த்தம். நான் ஒரு இழுப்பு இழுப்பேன். கீறேன் என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் கயிற்றைத் தளர்த்து. நாலு இழுத்தால் தூக்கு. எங்களுக்குள் இருந்த பேச்செல்லாம் இதுதான், இதுவே போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு மேலே வரதன் மாஸ்டர். டைவிங் மாஸ்டர் என்பது உத்தியோகம். குள்ளமான ஆள், வெள்ளைச் சட்டை, அரைக்கால் நிக்கர், காலில் ஒன்றும் கிடையாது. பார்ஜில் செருப்புப் போட்டு அவரை ஒருவரும் பார்த்ததில்லை. பம்பு ஓடுகிற அதிர்வு பலகை வழியாக உள்ளங்காலுக்கு வரும். அதை வைத்தே காற்று சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்வார். யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார், திடீரென்று “ஏய், கையி தளருது” என்பார். பம்பில் இருப்பவன் பதறிப்போய்ச் சக்கரத்தை அழுத்துவான். ஆட்களைத் திட்டவே மாட்டார். திட்டெல்லாம் சாமான்களுக்குத்தான். “கலீஜ் நட்டு, வூட்ல சொல்லிட்டு வந்தியா நீ?” என்று நட்டைக் கேட்பார். என் தலையில் கவசத்தை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் ஒரே இரண்டு கேள்வி. “காலைல இன்னா துன்ன? வூட்ல சண்டையா?” சண்டை என்று சொன்னால் இறக்கமாட்டார். போய் சமாதானம் ஆகிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். வேலை செய்யச் சோம்பலாக இருக்கிற நாளில் நான் ஸ்டெல்லாவோடு சண்டை என்று சொன்னதுண்டு.

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு மர ஸ்டூல். கப்பலின் விசிறிக்குப் பக்கத்தில், அதாவது தண்ணீருக்குள் சுற்றிக் கப்பலைத் தள்ளுமே அந்த புரொப்பெல்லர் பக்கத்தில், டைவர் இறங்கினால் அந்தக் கப்பலின் எஞ்சினியர் எங்கள் பார்ஜுக்கு இறங்கி வந்து அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும். டைவர் மேலே வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. எஞ்சினை ஓட்டமாட்டோம் என்று எழுதித் தருகிறோம் என்பார்கள். “காயிதம் வேணாம் சார், நீங்க குந்துங்க. நீங்க இங்க கீற வரைக்கும் எவனும் சக்கரத்தை சுத்தமாட்டான்” என்பார். கிரேக்கன், ஜப்பான்காரன், ரஷ்யாக்காரன் என்று எத்தனையோ சாதிக் கப்பல்காரர்கள் அந்த ஸ்டூலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் மச்சான் கையில் கயிறு கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

இனி அந்த எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம். ராயபுரத்தில் எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினோம். லாரிகளின் விளக்கில் பாதிக்குக் கறுப்பு அடித்தார்கள். எதிரியின் நீர்மூழ்கி பக்கத்திலேயே சுற்றுகிறது என்று டீக்கடைக்கு ஒரு கதை. சரக்குக் கப்பல்களை எங்கெங்கோ நிறுத்திவிட்டார்கள். துறைமுகம் வெறிச்சோடியது. குப்பத்தில் ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து, துறைமுக வாய்ப்பக்கம் யாரும் வலை போடக் கூடாது, மீறினால் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். தட்டில் கை அகலத்துக்கு வஞ்சிரத் துண்டு. மார்க்கெட்டில் கானாங்கெளுத்திக்கே அடிதடி நடக்கிற நேரம்.

“மாமா, ஏது இது?” என்றேன்.

“துன்னு மாப்ள. மீனு கொடுத்தா ஜாதகம் கேக்கற” என்றார்.

நானும் தின்றேன். இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கப்பல் வந்தது. லைட் க்ரூசர் என்று பேர். லைட்டாம்! எங்கள் தெருவில் பாதியைத் தூக்கி அதன்மேல் வைக்கலாம். அதற்கு முந்தைய பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரன் கட்டி ஓட்டியது, பிறகு நம் கடற்படை வாங்கியது. வருகிற விஷயம் யாருக்கும் தெரியாது. விளக்கில்லாமல், சத்தமில்லாமல், விடியும்போது துறைமுக வாயில் நுழைந்திருக்கிறது. நுழைகிற நேரத்தில் ஒரு விசிறி முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மற்ற விசிறிகளை வைத்துத் தட்டுத்தடுமாறிக் கரை சேர்த்துவிட்டார்கள். எண்ணெய் போட்டுக்கொண்டு போருக்குப் போக வேண்டிய கப்பல், காலில் எதையோ மாட்டிக்கொண்டு நொண்டி நிற்கிறது. உடனே எங்களைக் கூப்பிட்டார்கள்.

பின்பக்கம் பார்ஜைக் கட்டினோம். கப்பலின் எஞ்சினியர் கமாண்டர் ஒரு மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். மாஸ்டர் ஸ்டூலைக் காட்டினார். கமாண்டர் சிரித்தார். “மாஸ்டர், யுத்தம் நடக்குது. எனக்கு மேலே ஆயிரம் வேலை.”

“எனக்கு கீழ ஒரே ஆளு சார்” என்றார் மாஸ்டர்.

 கமாண்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மேலே கப்பலின் விளிம்பில் இன்னொரு அதிகாரி நின்றார். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், இங்கிலீஷ்தான் பேசுவார். விசிறியில் என்ன இருக்கிறதோ அதன் துண்டு ஒன்று விடாமல் மேலே வர வேண்டும் என்றார். கப்பலை நிறுத்த எதிரியின் கையாள் யாரோ கம்பியோ வலையோ விரித்திருக்கிறான் என்பது அவர் சந்தேகம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் எல்லோருக்கும் எல்லாவற்றின் மேலும் சந்தேகம்.

“காலைல இன்னா துன்ன? வூட்ல சண்டையா?”

“இட்லி. சண்டையில்ல மாஸ்டர்.”

கவசம் இறங்கியது. லாரன்சு கயிற்றைப் பிடித்தான். இறங்கினேன்.

துறைமுகத் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, கலங்கல். கையால்தான் பார்க்க வேண்டும். கப்பலின் அடியில் கையைத் தடவிக்கொண்டே விசிறிப் பக்கம் போனேன். ஓர் இடத்தில் தகடு மாறியது. சுற்றிலும் தடித்த வெல்டிங், கதவைவிடப் பெரிய ஒட்டு. முந்தைய யுத்தத்தில் டார்பிடோ வாங்கிய இடம் அது, அந்தப் பக்கம் உள்ளே இருந்த மாலுமிகள் ஒருவரும் பிழைக்கவில்லை என்று கமாண்டர் பிறகு சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. தழும்பு என்று மட்டும் கைக்குத் தெரிந்தது.

விசிறிக்கு வந்தேன். கம்பி இல்லை. நைலான் வலை. தண்டில் சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, சில இடத்தில் கண்ணாடி மாதிரி கட்டியாகியிருந்தது. கத்தி பாயும் இடத்தில் கத்தி, பாயாத இடத்தில் உளி. மேலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு அறுக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று அறுந்ததும் உள்ளே சிக்கியிருந்த மிதப்புக் கட்டை ஒன்று விடுபட்டு, என் கையில் பட்டு, மேலே போய்விட்டது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். முருங்கைக் கட்டை. பெருவிரலை வைத்து உருட்டினேன்.

குறுக்கே இரண்டு கோடு, நடுவில் ஒரு குழி. சூட்டுக்கோலால் சுட்ட குறி.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. கடலில் வலை கலந்துவிட்டால் பஞ்சாயத்து இல்லாமல் பிரித்துக்கொள்வதற்கு. இது என் மாமனார் குறி. அந்த வருஷத் தவக்காலத்தில் நானும் லாரன்சும் மணலில் உட்கார்ந்து, கோலைக் காய்ச்சி, அந்த வலையின் கட்டைகளுக்கெல்லாம் சூடு போட்டோம். குழி கொஞ்சம் கோணலாக இருந்தால் அது நான் போட்டது. இந்தக் கட்டையில் குழி கோணல்.

ஞாயிற்றுக்கிழமை தின்ற வஞ்சிரத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. அது எங்கே பிடித்த மீன் என்று எனக்கு விளங்கிவிட்டது. கப்பல் வராத பாதை. தண்ணீர் அமைதியாகி, மீன் உள்ளே வந்து மேய்ந்திருக்கும். கிழவர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் வலையை விரித்துவிட்டு வந்திருக்கிறார். மேலே நிற்கிற அதிகாரி இதை யார் சொல்லி நம்புவார்? யுத்த நேரத்தில், தடை போட்ட இடத்தில், போர்க்கப்பலின் விசிறியில் வலை. ஒற்றன் என்று முத்திரை குத்தினால் அந்த மனுஷன் வெளியே வருவாரா? வந்தாலும் குப்பத்தில் முகம் காட்ட முடியுமா? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கவசத்துக்குள் அதை எப்படித் துடைப்பது?

கயிற்றைத் தொட்டேன். லாரன்சிடம் சொல்ல வேண்டும். உங்கப்பன் வலை என்று சொல்ல எத்தனை தரம் இழுப்பது? அதற்குக் கணக்கே இல்லை. மற்ற கட்டைகளை உளியோடு சேர்த்து இடுப்பில் இருக்கிற சாமான் பையில் திணித்துவிடலாம், கனத்தில் மேலே போகாது என்று ஒரு யோசனை. ஆனால் முதல் கட்டை ஏற்கனவே மேலே போய்விட்டது.

மேலே நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். கட்டை மிதந்ததும் கப்பலின் படகிலிருந்த மாலுமி அதை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தான். அவர் அந்தக் குறியைப் பார்த்தார். சங்கேதம் என்று நினைத்தார். பார்ஜைப் பார்த்து, இந்தக் குறி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கமாண்டர் தமிழில் சொன்னார்.

லாரன்சு தலையைத் திருப்பவில்லை. ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தான். அவன் பொய் சொல்லியிருக்கலாம். வாயே திறக்காமல் இருந்திருக்கலாம்.

“எங்கப்பா குறி சார்” என்றான்.

அதிகாரி அவனை உடனே கப்பலுக்கு வரச் சொன்னார்.

“வரேன் சார். மச்சான் மேல வரட்டும்.”

கயிற்றை மாலுமியிடம் கொடுத்துவிட்டு வா என்றார்.

“முடியாது சார். என் தங்கச்சி புருஷன் கீழ கீறாரு. அவரு மேல வந்தப்புறம் தூக்குலகூட போடுங்க, நானே வரேன்.”

இரண்டு மாலுமிகள் பார்ஜில் குதித்தார்கள். ஒருவன் லாரன்சின் தோளைப் பிடித்து இழுத்தான். அந்த உதறல் கயிற்றில் இறங்கி என் இடுப்பில் வந்து விழுந்தது. ஒன்றில்லை, இரண்டில்லை, நாலில்லை. எங்கள் பேச்சில் இல்லாத ஓர் இழுப்பு. நான் அறுப்பதை நிறுத்திவிட்டு ஒன்று இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். பதில் இல்லை. அந்த வேலையில் எதற்கும் பயப்படலாம், ஆனால் பதில் வராத கயிற்றுக்குப் பயப்படுகிற மாதிரி எதற்கும் பயப்பட முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இருட்டில் நான் மாதாவைக் கூப்பிடவில்லை. “லாரன்சு, லாரன்சு” என்று கவசத்துக்குள் கத்தினேன்.

மேலே மாஸ்டர் வெறுங்காலோடு நடந்துபோய் மாலுமிக்கும் லாரன்சுக்கும் நடுவில் நின்றார். அவருக்குக் குரல் உயரவில்லை. ஸ்டூலில் இருந்த கமாண்டரைப் பார்த்துக் கேட்டார்.

“சார், இவன் எதிரி ஆளுன்னே வச்சிக்கலாம். உங்க கப்பலைக் கெடுக்கணும்னா இவன் இப்ப இன்னா செய்யணும்? கையை விட்டா போதும். என் ஆளு செத்துருவான், உங்க விசிறி அப்டியே கெடக்கும். விட்டானா? அவன் கையைப் பாருங்க சார்.”

கமாண்டர் பார்த்தார். மாலுமி பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறான், லாரன்சின் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, கைகள் மட்டும் கயிற்றோடு முன்னால் இருக்கின்றன. கமாண்டர் மேலே இருந்த அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னதை மாஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார். “அந்த டைவர் வெளியே வரும்வரை நான் இந்த ஸ்டூலை விட்டு எழ முடியாது. அவனும் அந்தக் கயிற்றை விட முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். அவனைத் தொடாதீர்கள்.”

மாலுமி கையை எடுத்தான்.

என் இடுப்பில் ஒரு இழுப்பு வந்தது. நிதானமாக, எப்போதும் வருகிற மாதிரி. கீறியா?

கீறேன் என்று இழுத்தேன். அதற்கு அப்புறம் நான் எந்தக் கட்டையையும் பையில் திணிக்க நினைக்கவில்லை. மேலே என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் மறைக்க இனி ஒன்றுமில்லை என்று எப்படியோ பட்டது. கட்டைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. என் மாமனாரின் வலையை என் கையாலேயே துண்டு துண்டாக அறுத்தேன். கட்டுமரத்துக்கு அடுத்தபடி அந்த வீட்டில் இருந்த ஒரே சொத்து அது. அழுதேன். கவசத்துக்குள் அழுதால் மூக்கு சிந்தக்கூட முடியாது.

விசிறி சுத்தமாகி நான் மேலே வந்ததும் மாஸ்டர் கவசத்தைத் திருகி எடுத்தார். லாரன்சு எதிரில் நின்றான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

“அப்பா வலை, மச்சான்.”

“தெரியும்.”

“சொல்லிட்டேன்.”

“சரி” என்றேன்.  அவன் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு மாலுமிகளோடு ஏணியில் ஏறினான். பின்னாலேயே மாஸ்டரும் ஏறினார், வெறுங்காலோடு, யாரும் கூப்பிடாமல்.

ஜீப்பில் போய் என் மாமனாரையும் கொண்டுவந்தார்கள். ஸ்டெல்லா துறைமுக வாசலில் வந்து நின்றாள். அதற்குள் குப்பத்தில் ஒற்றன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கூடப் பிறந்த மாதிரி பழகியவர்களே அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள்.

கப்பலில் கிழவரைக் கேட்ட கேள்விகளை மாஸ்டர் அப்படியே நடித்துக் காட்டுவார். தடை தெரியுமா? தெரியும். பிறகு ஏன் போட்டாய்? கப்பல் வரலியே சார், வராத பாதைல மீனு நிக்கும். கப்பல் வராது என்று உனக்கு யார் சொன்னது? “மீனுதான் சொல்லிச்சி.” கமாண்டர் சிரித்துவிட்டாராம். பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை. ஆனாலும் லாரன்சின் கையைப் பற்றி கமாண்டர் சொன்ன பிறகு அவர் முகம் கொஞ்சம் இளகியது என்பார் மாஸ்டர். சாயங்காலம் இருவரையும் போலீசிடம் ஒப்படைத்தார்கள். போலீஸ் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. யுத்தம் முடிகிறவரை கிழவர் கடலில் இறங்கக் கூடாது, தினம் ஸ்டேஷனில் தலையைக் காட்ட வேண்டும்.

மறுநாள் கப்பல் போய்விட்டது. சொல்லப்போனால் புத்தகத்தில் அந்த “மறுநாள்” மட்டும் சரி.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. டைவரின் உறவுக்காரர்கள் கயிறு பிடிக்கக் கூடாது. ஏன் என்று யாரும் விளக்கவில்லை. லாரன்சைப் பம்புக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வேறு வேறு ஆட்களின் கயிற்றில்தான் இறங்கினேன். எல்லோரும் நல்லவர்கள், ஒருவரும் கையை விடவில்லை. ஆனால் எனக்குத் தண்ணீருக்குள் மறுபடி நிம்மதி வரவே இல்லை. ஒரு இழுப்பு வருவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் கத்தியை நிறுத்திவிடுவேன். இப்போது வீட்டில் ஓரிடத்தில் உட்காராமல் சுற்றுகிறேனே, அது அன்றைக்குப் பிடித்ததுதான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் விழாவில் பத்து நிமிஷம் பேசிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

யுத்தம் முடிகிற நேரத்தில் ரேடியோவில் அந்தக் கப்பல் பேர் வந்தது. எதிரித் துறைமுகத்தைப் பீரங்கியால் அடித்துவிட்டது என்றார்கள். குப்பத்தில் வெடி போட்டார்கள். ஒற்றன் என்று சொன்ன அதே வாய்கள், “நம்ம இன்னாசி அவுத்துவுட்ட கப்பலு, இன்னா அடி அடிச்சிது பாத்தியா!” என்றன. என்னைத் தோளில் தூக்காத குறை. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நேராகக் கடற்கரைக்குப் போனேன். மாமனார் மணலில் உட்கார்ந்து யாருடைய கிழிந்த வலையையோ கூலிக்குப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மாமா, கேட்டியா? நம்ம கப்பலு அவன் துறைமுகத்தையே காலி பண்ணிட்சாம். உள்ள நின்ன படகெல்லாம் போச்சாம்.”

ஊசியை நிறுத்தினார். “எந்தப் படகு?”

“எதிரி படகுதான்.”

“வலைப் படகா?”

எனக்குத் தெரியவில்லை. ரேடியோவில் அதெல்லாம் சொல்லவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அங்கயும் யுத்தம்னு கப்பலு வர்றது நின்னுருக்கும் மாப்ள. மீனு உள்ள வந்துருக்கும். அவனும் வலை போட்டுருப்பான்.”

மறுபடி ஊசியைக் கோத்துக்கொண்டார்.  அவர் செத்தும் வெகுகாலம் ஆகிவிட்டது, லாரன்சும் போய்விட்டான், மாஸ்டரும் இல்லை.

இந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. “எதிரித் துறைமுகத்தில் நின்றிருந்த சிறு கலங்கள் பல மூழ்கடிக்கப்பட்டன.” அதுவும் ஒரே வரி. எரிபொருள் நிரப்பிக்கொண்டது என்கிற வரிக்குள் நான் இருக்கிறேன், லாரன்சின் சிவந்த கை இருக்கிறது, வெறுங்காலோடு மாஸ்டர் இருக்கிறார், வாசலில் ஸ்டெல்லா நிற்கிறாள், கிழவரின் வலை முழுக்கக் கிடக்கிறது. அப்படியென்றால் இந்த வரிக்குள் எத்தனை பேர்? அவர்கள் கட்டைகளில் என்ன குறி?

மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் கீழிருந்து ஒரு இழுப்பு போக வேண்டும். அது எங்கள் வேலையின் முதல் பாடம். “வலைப் படகா?” என்று மாமனார் அன்று கேட்டதற்கு நான் இன்னும் திருப்பி இழுக்கவில்லை.